ஆள்காட்டி விரலின் கீழ் ஆறு கட்டளைகள்

‘ஆர்’ விசையை அழுத்த வேண்டிய இடத்தில் ‘ஜி’ விசையை அழுத்தினேன். அதனால் ஓர் இளம் கவிஞர் ஏறக்குறைய ஒரு வருடம் எங்களுக்கு எதையும் அனுப்பவில்லை. விசைப்பலகையில் அந்த இரண்டுக்கும் இடையே ஒரு விரல் நகரும் தூரம்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தத் தூரத்தைப் பற்றியது.

நடந்தது இதுதான். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்புக்குப் படைப்புகளைத் திரட்டிக்கொண்டிருந்தோம். ஜொகூரிலிருந்து ஒரு பெண் மூன்று கவிதைகள் அனுப்பியிருந்தார். குழுவில் இருந்த நண்பன் அவருக்கு மரியாதையாகப் பதில் எழுதி, எனக்கும் நகல் வைத்து, “நீங்களும் படிச்சிட்டுச் சொல்லுங்க” என்று முடித்திருந்தான். நான் அவனுக்கு மட்டும் சொல்ல நினைத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன்: “மச்சான், இதுல கவிதையே இல்ல. டைரிக் குறிப்ப வரி வரியா உடைச்சு வச்சிருக்கு. நாசூக்கா எதாச்சும் சொல்லி அனுப்பிடு.”

இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வரி வந்தது. “படித்ததற்கு நன்றி அண்ணா. இதை என்னிடமே சொல்லியிருக்கலாம்.”

நண்பர்கள் சிரித்தார்கள். “ஊரே ஜிமெயில்ல இருக்கு. நீ மட்டும் இன்னும் அந்தக் கருப்பு ஸ்கிரீன கட்டிக்கிட்டு அழுவுற” என்றான் ஒருவன். அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் பதில் போய்விடும் விபத்து எந்த மென்பொருளிலும் நடக்கும். ஆனால் என் கை ஏன் அன்று தவறியது, தவறியதை என் கண் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி விடவில்லை. ஒரு சிறுகதையைப் படிக்கும்போது, எழுதியவர் நம் கண்ணை எங்கே நிறுத்துகிறார், எதை மறைத்து வைக்கிறார் என்று பார்ப்போம் அல்லவா? அதே பார்வையோடு இந்த மென்பொருள்களையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

முதலில் இவை என்னவென்று சொல்லிவிடுகிறேன். டெர்மினல் என்பது கருப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே தெரியும் சாளரம். மவுஸுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அதற்குள்ளேயே மின்னஞ்சல் படிக்க, எழுத, அனுப்ப மென்பொருள்கள் உண்டு. 1986-இல் டேவ் டெய்லர் எழுதிய எல்ம் முன்னோடிகளில் ஒன்று. 1989-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பைன் தொடங்கியது. 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் மட் என்ற ஒன்றை எழுதினார். கலப்பினத் தெருநாயைக் குறிக்கும் சொல் அது. பைன் பிற்காலத்தில் ஆல்பைன் ஆனது. ஆல்பைனும் மட்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நிரலாளர்களும் சர்வர் பார்த்துக்கொள்பவர்களும் என்னைப் போன்ற சில பிடிவாதக்காரர்களும் இவற்றை விடுவதில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் வேலையில் உடனிருந்த ஓர் அண்ணன். “தம்பி, கை ரெண்டும் கீபோர்டுலயே இருக்கட்டும். மவுஸுக்குப் போய்ட்டு வர்ற நேரத்துல ரெண்டு மெயில் படிச்சிடலாம்” என்பார். என்னிடம் இருந்ததோ பழைய மடிக்கணினி. இணையம் நத்தை. படமும் விளம்பரமும் இல்லாமல் எழுத்து மட்டும் வருவது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. முதலில் பைன், பிறகு மட் என்று பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

பைனின் திரையைப் பார்த்தவர்கள் அதன் கடைசி இரண்டு வரிகளை மறக்க மாட்டார்கள். இந்த இடத்தில் எந்த எழுத்தை அழுத்தினால் என்ன நடக்கும் என்ற பட்டியல் அங்கே எப்போதும் இருக்கும். வேறு திரைக்குப் போனால் பட்டியலும் மாறும். பட்டியலில் இடம் போதாவிட்டால் ‘ஓ’ விசையை அழுத்த மிச்சக் கட்டளைகள் வரும். பல்கலைக்கழகத்தின் அலுவலக ஊழியர்களை மனதில் வைத்து எழுதிய மென்பொருள் அது. கையேட்டைப் படிக்காமல், தொட்டுத் தொட்டுப் பார்த்தே கற்றுக்கொள்ள முடிய வேண்டும், தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் இருக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அந்தக் காலத்துத் திரையில் மொத்தமே 24 வரிகள்தான். அதில் இரண்டை, அதுவும் பழகியவர்களுக்குத் தேவையே இல்லாத இரண்டை, புதிதாக வருபவருக்காக நிரந்தரமாக ஒதுக்கி வைத்தது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் ஒரு நாற்காலியை விருந்தாளிக்கென்றே காலியாக வைத்திருப்பதைப் போல.

மட்டிலும் அப்படி ஒரு வரி உண்டு. மேலே, ஒற்றை வரி, ஏழெட்டுக் கட்டளைகள். மீதியெல்லாம் கேள்விக்குறி விசையை அழுத்தினால் வரும் நீண்ட பட்டியலில். அந்த ஒற்றை வரியையும் மறைத்துவிட ஓர் அமைப்பு இருக்கிறது. மட் பழகியவர்களில் பலர் செய்யும் முதல் வேலை அதுதான். நானும் செய்தேன். ‘எனக்குத்தான் எல்லாம் தெரியுமே’ என்ற பெருமை. அந்த வரியில் பதிலுக்கு ‘ஆர்’, அனைவருக்கும் பதில் அனுப்ப ‘ஜி’ என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருந்தது. இதையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

பைனை விட்டு மட்டுக்கு ஏன் போனேன்? பைனில் கட்டளைகள் ஒவ்வொன்றும் தனித்தனி. மட்டில் அவை வாக்கியமாகச் சேரும். ‘எல்’ அழுத்தி ஒரு நிபந்தனை கொடுத்தால் அதற்குப் பொருந்தும் கடிதங்கள் மட்டும் திரையில் நிற்கும். அனுப்பியவர், தலைப்பு, தேதி என்று ஒவ்வொன்றுக்கும் அலைக்குறியும் ஓர் எழுத்தும் உண்டு. தலைப்பில் ‘கவிதை’ என்று இருந்து இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்தவை மட்டும் வேண்டுமென்றால் பத்திருபது தட்டில் கேட்டுவிடலாம். கிடைத்தவற்றுக்கு மொத்தமாகக் குறியிட்டு, அரைப்புள்ளியைத் தட்டி, அடுத்து எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் அது குறியிட்ட எல்லாவற்றின் மேலும் நடக்கும். அரைப்புள்ளி, பிறகு ‘எஸ்’ என்றால் நூறு கடிதமும் ஒரே கோப்புறைக்குப் போய்விடும். எழுவாயும் பயனிலையும் போல, எதன்மேல், என்ன செய்ய என்று இரண்டு பகுதி. முப்பது விசைகளை மனப்பாடம் செய்தவருக்கு நூற்றுக்கணக்கான சேர்க்கைகள் கிடைக்கின்றன.

நம் சிற்றிதழ் உலகில் புரியாமை பற்றிய சண்டை ரொம்பப் பழசு. எழுத்து கடினமாக இருப்பதே குற்றம் என்று ஒரு கட்சி, எளிமையாக இருப்பதே குற்றம் என்று இன்னொரு கட்சி. இரண்டுமே எனக்கு ஒப்புவதில்லை. கடினம் எதையாவது திருப்பித் தருகிறதா என்பதுதான் கேள்வி. மட்டின் அரைப்புள்ளி திருப்பித் தரும் கடினம். ஒரு வாரம் தடுமாறினால் வருடக்கணக்கில் பலன். அதை நான் இலக்கணம் என்றே சொல்வேன்.

ஆனால் எதையும் திருப்பித் தராத கடினங்களும் அதே மென்பொருளில் இருக்கின்றன. கடிதப் பட்டியலில் ‘ஜே’ அழுத்தினால் அடுத்த கடிதம், ‘கே’ அழுத்தினால் முந்தைய கடிதம். இந்த இரண்டு எழுத்தும் வி என்ற எடிட்டரிலிருந்து பரவிய பழக்கம். 1976-இல் பில் ஜாய் அதை எழுதியபோது அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் வரையப்பட்டிருந்தன. அந்த இயந்திரம் போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது. இன்று ஜிமெயிலில் குறுக்கு விசைகளை இயக்கிப் பாருங்கள், அங்கேயும் ஜேயும் கேயும்தான். கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தும் ஒன்றில், செத்துப்போன ஒரு பெட்டியின் விசை இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதில் குறை இல்லை. குறை அடுத்த படியில். மட்டில் ஒரு கடிதத்தைத் திறந்து படிக்கிறோம். அடுத்த வரி வேண்டும். ‘ஜே’ அழுத்தினால் வியில் ஒரு வரி இறங்கும். மட்டிலோ அடுத்த கடிதத்துக்கே தாவிவிடும். சரி, கீழ்நோக்கிய அம்புக்குறியையாவது நம்பலாம் என்றால், அதுவும் அடுத்த கடிதத்துக்குத்தான் போகும். ஒரு வரி இறங்க எண்டர் தட்ட வேண்டும். ‘ஜே என்றால் எங்கும் அடுத்த கடிதம்’ என்று மட் தனக்குள் ஒழுங்காகத்தான் இருக்கிறது. வாசிப்பவரின் கை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அது யோசிக்கவில்லை.

பைனிலிருந்து மட்டுக்கு மாறுபவர்களுக்கு இதுபோல் இன்னும் பல பள்ளங்கள். பைனில் ‘பி’ முந்தைய கடிதம், மட்டில் அது அச்சிடச் சொல்லும் கட்டளை. பைனில் ‘எக்ஸ்’ அழித்தவற்றை நிரந்தரமாக நீக்கும், மட்டில் எதையும் மாற்றாமல் வெளியேறும். பைனில் கன்ட்ரோலும் எக்ஸும் சேர்ந்தால் கடிதம் கிளம்பிவிடும். பைனின் எடிட்டரைப் பார்த்து 1999-இல் எழுதத் தொடங்கிய நானோவில் அதே ஜோடி வெளியேறுவதற்கு. வேர்ட் பழகியவருக்கோ அது வெட்டி எடுப்பதற்கு. ஒரே ஜோடி விசைக்கு மூன்று ஊரில் மூன்று அர்த்தம்.

இப்போது என் விபத்துக்கு வருகிறேன். தட்டச்சு முறையாகப் பழகியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு விரலுக்கும் சில விசைகள் சொந்தம். இடது ஆள்காட்டி விரலுக்கு நடு வரிசையில் எஃப், ஜி. மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. மட்டில் இந்த ஆறும் என்ன செய்கின்றன என்று ஒருநாள் தாளில் எழுதிப் பார்த்தேன். பதில். அனைவருக்கும் பதில். மேலனுப்புதல். வந்த கடிதத்தை அப்படியே இன்னொருவருக்குத் திருப்பிவிடுதல். குறியிடுதல். இணைப்புகளைப் பார்த்தல். அடுத்தவருக்குக் கடிதம் போகும் நான்கு வழிகளும் ஒரே விரலின் கீழ் இருக்கின்றன.

யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நினைவில் வைக்க அது எளிது. ஆனால் பழகப் பழக நாம் எழுத்தை நினைப்பதில்லை, விரல்தான் நினைக்கிறது. கற்றுக்கொள்ளும் முதல் மாதத்துக்கு மனசின் வசதியைப் பார்த்த வடிவமைப்பு, பிறகு வரும் பதினைந்து வருடத்துக்குக் கையின் வசதியைப் பார்க்கவில்லை.

கை தவறியது சரி. கண் ஏன் பார்க்கவில்லை? இதுதான் என்னை அதிகம் உறுத்திய இடம். பதில் விசையை அழுத்தியதும் மட் பெறுநர் யார் என்று காட்டி நிற்கும். எண்டர் தட்டினால் தலைப்பைக் காட்டும். மீண்டும் எண்டர். நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆனால் அனைவருக்கும் பதில் என்று கொடுத்தாலும் பெறுநர் வரியில் வருவது கடிதம் அனுப்பியவரின் முகவரிதான். மற்றவர்கள் எல்லாரும் சிசி வரிக்குப் போய்விடுவார்கள். மட்டின் இயல்பான அமைப்பில் சிசி வரியை அந்த நேரத்தில் கேட்பதும் இல்லை, காட்டுவதும் இல்லை. எடிட்டர் திறக்கும்போதும் உடல் மட்டும்தான், முகவரிகள் தெரியாது. ஆக ‘ஆர்’ அழுத்தினாலும் ‘ஜி’ அழுத்தினாலும் கண்ணுக்கு முன்னால் நடப்பது அச்சு அசலாக ஒன்றே. வித்தியாசம் கடைசித் திரையில் மட்டும் தெரியும். எழுதி முடித்தபின் வரும் அந்தத் திரையில், மேலே சில வரிகளில் பெறுநர், சிசி எல்லாம் இருக்கும். ‘ஒய்’ அழுத்தினால் கடிதம் போய்விடும்.

எழுதி முடித்தவன் மறுபடி மேலே பார்ப்பானா? நான் பார்க்கவில்லை.

பைனில் இது எப்படி? இரண்டு காரியம் செய்கிறது. பதில் விசையை அழுத்தியதும், வேறு பெறுநர்கள் இருந்தால், எல்லாருக்கும் பதில் போக வேண்டுமா என்று கேட்கிறது. பிறகு எழுதும் திரையிலேயே பெறுநர், சிசி, தலைப்பு மேலே இருக்க, கீழே நாம் எழுதுகிறோம். முதலாவது கேட்பது, இரண்டாவது காட்டுவது.

கேட்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின் 2000-இல் வெளியிட்ட தன் நூலில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ‘நிச்சயமாகவா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்டால், ‘ஆம்’ என்ற பதிலும் அந்தக் கட்டளையின் ஒரு பகுதியாகக் கையில் ஒட்டிக்கொள்ளும். இருபது முறை ‘ஆம்’ தட்டிய கை இருபத்தோராவது முறை கேள்வியைப் படிக்காது. அதனால் கேள்வியைவிட, செய்ததைத் திரும்பப் பெறும் வசதிதான் முக்கியம் என்பது அவர் வாதம். காட்டுவது வேறு. அது பதில் எதிர்பார்ப்பதில்லை, அதனால் பழக்கமாகி மழுங்குவதும் குறைவு. நான் “இதுல கவிதையே இல்ல” என்று தட்டிக்கொண்டிருந்தபோது, நாலு வரிக்கு மேலே அந்தப் பெண்ணின் பெயர் இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை முடித்திருப்பேனா? முடித்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

இங்கே மட் மீது என் முக்கியமான குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும். பைன் மீதும்தான். இரண்டுமே அழிப்பதில் காட்டும் கருணை அபாரம். ‘டி’ அழுத்தினால் கடிதம் உடனே போவதில்லை. பட்டியலில் அதன் பக்கத்தில் ஒரு ‘டி’ விழும், அவ்வளவுதான். ‘யூ’ அழுத்தினால் அந்த அடையாளம் போய்விடும். நாள் முழுக்க மனம் மாறிக்கொண்டே இருக்கலாம். வெளியேறும்போதோ, வேண்டும் என்று கட்டளை கொடுக்கும்போதோதான் உண்மையில் அழியும். காட்டுகிறது, காத்திருக்கிறது, திரும்பப் பெற விடுகிறது. ராஸ்கின் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.

அனுப்புவதற்கு இந்தக் கருணை கிடையாது. ‘ஒய்’ என்றால் போச்சு. யோசித்துப் பாருங்கள், ஒரு கடிதம் அழிந்தால் நஷ்டம் எனக்கு. தவறான ஆளுக்குப் போனால் நஷ்டம் இன்னொருவருக்கு. தன் பெட்டியைக் காப்பதில் இருந்த அக்கறை, பெட்டிக்கு வெளியே இருக்கும் மனிதரைக் காப்பதில் இல்லை. கடிதம் இன்னொரு சர்வருக்குப் போய்விட்டால் திரும்பப் பெற முடியாது என்பது உண்மைதான். ஆனால் கிளம்பும் முன் சில விநாடி வாசலில் நிற்க வைக்கலாமே. ஜிமெயில் 2009-இல் சோதனையாகவும் 2015-இல் முறையாகவும் கொண்டுவந்த ‘அனுப்பியதை ரத்துசெய்’ அதைத்தான் செய்கிறது. கருப்புத் திரைக்காரர்களான நாங்கள் ஜிமெயிலைப் பார்த்துச் சிரிப்போம். இந்த ஒரு விஷயத்தில் சிரிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

இன்னொரு வேடிக்கை. நான் ஒழுங்காகத் தமிழ் எழுத்திலேயே அந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் விபத்து நடந்திருக்காது.

மட்டுக்குள் நான் எழுதும் எடிட்டர் நானோ. தமிழில் எழுத மேக் கணினியில் உள்ள அஞ்சல் விசைப்பலகையை இயக்குவேன். எழுதி, சேமித்து, வெளியேறி, கடைசித் திரையில் ‘ஒய்’ அழுத்தினால் மட்டுக்குப் போய்ச் சேருவது ‘ய்’. அதற்கு ‘ய்’ என்றால் என்னவென்று தெரியாது. அந்த விசைக்கு எந்தக் கட்டளையும் இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கும். நான் முனகிக்கொண்டே ஆங்கிலத்துக்கு மாற்றுவேன். அந்த இரண்டு விநாடித் தடுமாற்றத்தில் கண் தானாக மேலே போகும். சிசி தெரியும். இத்தனை வருடமும் நான் திட்டிக்கொண்டிருந்த அந்தத் தடங்கல் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அன்று அவசரமாக ஆங்கில எழுத்தில் தட்டியதால் தடங்கல் இல்லை. வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

இதை வடிவமைப்பின் பெருமையாகச் சொல்ல முடியாது. தமிழில் எழுதுகிறவரைக் கணக்கிலேயே எடுக்காததால் தற்செயலாகக் கிடைத்த நன்மை அது. அஞ்சல் முறையை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். கணியனை உருவாக்கிய நா. கோவிந்தசாமி சிங்கப்பூரின் சிறுகதை எழுத்தாளர். தமிழ் இணையத்துக்கான முதல் மாநாட்டை 1997-இல் அங்கே கூட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழை எப்படி விசைப்பலகையில் எழுதுவது என்ற கேள்விக்கு இவர்களைப் போன்றவர்கள் பதில் கண்டார்கள். ஆனால் விசைகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எழுதுவது ஒன்று, ஏவுவது இன்னொன்று. ஏவும் விசைகள் இன்றும் ஆங்கிலம் மட்டும்தான் அறிந்தவை.

இத்தனைக்கும் ஓரெழுத்தில் கட்டளையிடுவது தமிழுக்குப் புதிதா? நம் ஏவல் வினைக்கு விகுதிகூட வேண்டாம். எடு, நட, படி என்று வேர்ச்சொல்லே கட்டளை. நன்னூல் கணக்கிடும் ஓரெழுத்து ஒருமொழிகள் 42. அவற்றில் வா, போ, தா, ஈ எல்லாம் ஏவல்களே. இதை நினைத்து ஒருநாள் தமிழிலேயே குறுக்கு விசைகளை வகுத்துப் பார்த்தேன். பதிலுக்கு ‘ப’. படிக்க? அதுவும் ‘ப’. அனுப்புவதற்கு ‘அ’. அழிப்பதற்கு? அதுவும் ‘அ’. அனுப்புவதும் அழிப்பதும் ஒரே விசை! நான் செய்த காரியத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. சிரித்துவிட்டுத் தாளைக் கிழித்தேன். முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளும் முறை எந்த மொழியிலும் தற்செயலின் கையில்தான் இருக்கிறது என்பது மட்டும் அதில் புரிந்தது.

என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மட்டின் அமைப்புக் கோப்பில் சில வரிகள் சேர்த்தேன். சின்ன ‘ஜி’ இனி எதையும் செய்யாது. அனைவருக்கும் பதில் அனுப்ப ஷிஃப்ட்டோடு பெரிய ‘ஜி’. ஆள்காட்டி விரல் மட்டும் போதாது, இன்னொரு விரலும் சம்மதிக்க வேண்டும். எடிட்டரில் முகவரிகளும் தெரியும்படி ஒரு வரி. அம்புக்குறிக்கு வரி இறங்கும் வேலை. மறைத்திருந்த அந்த மேல் வரியையும் திரும்பக் கொண்டுவந்தேன்.

‘பார்த்தாயா, மட் எல்லாவற்றையும் மாற்ற விடுகிறது, அப்புறம் என்ன குறை?’ என்று அதன் ரசிகர்கள் கேட்பார்கள். எல்லா மின்னஞ்சல் மென்பொருளும் மோசம், இது கொஞ்சம் குறைவான மோசம் என்பதுதான் மட் தனக்கே சூட்டிக்கொண்ட முழக்கம். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் மாற்ற முடியும் என்பது பதிலாகாது. ஒன்றை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிவதற்கே ஒருவர் காயப்பட வேண்டியிருந்தது. ஒரு மென்பொருளில் அதை எழுதியவரின் குரல் கேட்பது அதன் இயல்பான அமைப்பில்தான். யாரும் எதையும் மாற்றாதபோது அது எப்படி நடந்துகொள்கிறது? அங்கே பைன் புதியவரை உள்ளே அழைக்கிறது, மட் தெரிந்தவரோடு மட்டும் பேசுகிறது. நான் இன்னும் மட்டில்தான் இருக்கிறேன், அந்த அரைப்புள்ளியை விட முடியவில்லை. ஆனால் யாராவது தம்பி தங்கச்சி வந்து கேட்டால் முதலில் ஆல்பைனைத்தான் திறந்து காட்டுவேன்.

அந்தப் பெண்ணுக்கு அன்றிரவே எழுதினேன், தமிழ் எழுத்தில். மன்னிப்புக் கேட்டேன். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் மூன்று கவிதைகளையும் வரி வரியாக எடுத்து எங்கே கவிதையாகிறது, எங்கே குறிப்பாக நின்றுவிடுகிறது என்று சொன்னேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பதில் வரவில்லை. பதினொரு மாதம் கழித்து, தொகுப்பெல்லாம் வெளிவந்து முடிந்தபின், இரண்டு புதிய கவிதைகள் வந்தன. கூடவே ஒரு வரிகூட இல்லை. ஆனால் சிசி வரியில் எங்கள் குழுவில் இருந்த அத்தனை பேரின் பெயரும் இருந்தது.

இரண்டில் ஒன்று நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்ல, ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘ஜி’யைத் தட்டினேன்.